ஒன்றும் மறைக்காமல் சொன்ன பெண்



வீடு மந்திரிக்க வரும்போதெல்லாம் நான் கேட்பதுண்டு: "எப்படிம்மா இருக்கீங்க?" காபி டம்ளரை நீட்டிக்கொண்டே பதில் வரும்: "எனக்கென்ன ஃபாதர், நல்லாத்தான் இருக்கேன். இவருக்குத்தான் சுகர் கூடிப்போச்சு. பையனுக்குத்தான் இன்னும் வேலை அமையல." வீட்டில் யார் எந்த மாத்திரை போடுகிறார்கள் என்பது அந்த அம்மாவுக்கு அத்துப்படி. அவருடைய வலிதான் யாருக்கும் தெரியாது.

பொதுக்காலம் 13-ஆம் ஞாயிறாகிய இன்று வாசித்த மாற்கு நற்செய்தியில் அப்படி ஒரு பெண்ணைப் பார்க்கிறோம். 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கு. பல மருத்துவர்களிடம் போய்க் கையிருப்பெல்லாம் கரைந்தது, நோயோ கூடியது. லேவியர் நூலின் 15-ஆம் அதிகாரச் சட்டப்படி அவர் தீட்டுப்பட்டவர். அவர் உட்கார்ந்த இடமும் படுத்த படுக்கையும் தீட்டு. முன்னால் வந்து கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து, பின்னாலிருந்து ஆண்டவரின் மேலுடையைத் தொட்டார், குணமும் பெற்றார்.

அதோடு ஆண்டவர் நடையைத் தொடர்ந்திருக்கலாம். தம் வீட்டுக்கு அவரை அழைத்துப்போகும் யாயிர் என்பவரின் மகள் சாகக் கிடக்கிறாள். ஒவ்வொரு நொடியும் அவசரம். ஆனாலும் அவர் நின்றார். தொட்டது யார் என்று தேடினார். நடுங்கிக்கொண்டே வந்த அந்தப் பெண், நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொல்லக் கேட்டார். பிறகு "மகளே" என்று அழைத்தார். நற்செய்திகளில் இயேசு ஒரு பெண்ணை நேருக்கு நேர் இப்படி அழைப்பது இவரை மட்டுமே. உடல் தொட்டவுடன் குணமானது. 12 ஆண்டுகள் வாய் திறக்காத மனம், சொன்ன பிறகுதான் ஆறியது.

சகோதரிகளே, நீங்களும் வெளியே சொல்லாத உடல் மாற்றங்கள் உண்டு. பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கிறது. சில ஆண்டுகள் முன்பே உடம்பு மாறத் தொடங்கும். நடுராத்திரியில் உடம்பு சூடேறி வியர்க்கும். தூக்கம் போகும். சொல்லத் தெரியாத கோபமும் அழுகையும் வரும். எலும்பு மெலியும். ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் வருகிற மாற்றங்கள் இவை. இதில் உங்கள் குணக்கேடும் இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை. ஆனால் அடங்காத இரத்தப்போக்கு, ஓராண்டு நின்றுபோன பிறகு மீண்டும் காணும் ஒரு துளி இரத்தம், மார்பில் தட்டுப்படும் கட்டி, இவற்றை "வயசானா அப்படித்தான்" என்று தள்ளிவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். புற்றுநோயே ஆனாலும் தொடக்கத்தில் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கருப்பைவாய் எல்லாவற்றையும் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள்.

"எல்லாம் என் சிலுவை, சுமந்துட்டுப் போறேன்" என்பீர்கள். பிறர்மீது கொண்ட அன்புக்காக மனமுவந்து ஏற்பதுதான் சிலுவை. வைத்தியம் இருக்கும் நோயை மறைத்துச் சுமப்பது சிலுவை ஆகாது. மருத்துவரைப் படைத்தவர் கடவுளே, அந்த மருத்துவரை மதியுங்கள் என்று சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரத்தில் கற்பிக்கிறது. வேளாங்கண்ணிக்குக் கால் கொப்பளிக்க நடந்து போகிறோமே, அங்கே அன்னைக்குப் பெயரே ஆரோக்கிய மாதா. அவரிடம் நேர்ந்துகொள்ளுங்கள்; பரிசோதனைக்கும் போங்கள்.

குடும்பத்தினருக்கு ஒரு வார்த்தை. யாயிரைப் பாருங்கள். உயிருக்குப் போராடும் மகளை வீட்டில் விட்டு வந்த தந்தை, அந்தப் பெண் பேசி முடிக்கும்வரை காத்து நின்றார். முணுமுணுத்தார் என்று மாற்கு எழுதவில்லை. அவருடைய மகளுக்கு வயது 12. இந்தப் பெண்ணின் நோய்க்கும் வயது 12. ஆண்டவர் இருவருக்கும் நேரம் ஒதுக்கினார். அதற்குள் இறந்துவிட்ட சிறுமியை உயிரோடு எழுப்பியதும், அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார்.

இன்று மதியம் உங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடப்போவது யார் என்று உங்களுக்குத் தெரியும். அவரை முதலில் உட்காரவைத்துப் பரிமாறுங்கள். "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். "நல்லாத்தான் இருக்கேன்" என்ற முதல் பதிலோடு எழுந்துவிடாதீர்கள். சகோதரிகளே, நீங்களும் ஒன்றும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆண்டவர் உங்களுக்காகவும் நிற்கிறார். ஆமென்.