மூங்கிலுக்குப் புது விலை வையுங்கள்!

பிறந்த பிள்ளையைக் கிடத்தும் முறம் மூங்கில். கடைசிப் பயணத்துக்குக் கட்டும் பாடையும் மூங்கில். இடையில் கிடக்கும் வாழ்க்கையை நிமிர்த்த மட்டும் அது உதவாதா? யார் சொன்னது?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வளர்ந்த திருவரங்கத்துத் தம்பிகளே, திருச்சிக் கிராமத்துத் தங்கைகளே! கூடை முடைந்த கைகளைப் பிளாஸ்டிக் பெட்டி ஓரங்கட்டிவிட்டது. அதற்காக ஒப்பாரி வைக்காதீர்கள். போனது பழைய சரக்கு, கைவித்தை போகவில்லை!

அதே மூங்கிலில் ஸ்கேட்போர்டு செய்து உலகம் விற்கிறது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டும் அலைச்சறுக்கும் அரங்கேறின. மாமல்லபுரத்துச் சிறுமி கமலி ஸ்கேட்போர்டு ஏறிய கதையைச் சொன்ன குறும்படம் 2020-இல் பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதுப் பரிந்துரை வரை போனது. பலகை ஏற நம் பெண் தயார். பலகை செய்ய நீங்கள் தயாரா?

வேலை எளிதல்ல. முற்றிய மூங்கிலைப் பிளந்து, கணு சீவி, வண்டு துளைக்காதபடி போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, பசை தடவி, அச்சில் அழுத்த வேண்டும். ஈரம் மிஞ்சினால் ஒட்டு விட்டுப்போகும். ஆனால் பிளக்கும் கை கூடைக்காரரிடம் இருக்கிறது. பெல் கொதிகலன் ஆலையை நம்பி வளர்ந்த துவாக்குடிப் பட்டறைகளுக்கு இரும்பையே வளைக்கத் தெரியும். வலுவைச் சோதிக்க என்.ஐ.டி. பொறியியல் கல்லூரி அங்கேயே இருக்கிறது. மூவரையும் ஒன்றாக உட்காரவைக்கத்தான் ஆள் இல்லை. அந்த ஆள் நீங்கள்!

சட்டம் தடுக்குமா? 1927 வனச் சட்டம் மூங்கிலை மரமென்று கட்டிப்போட்டது. 2017 திருத்தம், காட்டுக்கு வெளியே விளையும் மூங்கிலை அந்தக் கட்டிலிருந்து அவிழ்த்துவிட்டது. 2021-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மூங்கிலில் கிரிக்கெட் மட்டை செய்து, மட்டைக்கு வழக்கமான வில்லோ மரத்தைவிட வலிமையானது என்று காட்டினார்கள். மட்டை மரத்தில்தான் இருக்க வேண்டும், மூங்கில் புல்லாயிற்றே என்று ஆட்டவிதி குறுக்கே வந்தது. இங்கே அன்று மரம் என்று தடை. அங்கே மரமல்ல என்று தடை! தடுப்பவருக்குக் காரணம் கிடைத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் வழியைத் தேடுங்கள்!

முதல் பலகை விரியும். விரியட்டும்! நூற்றாண்டுகளாக மொட்டைக் கோபுரமாய் நின்ற திருவரங்கத்து ராஜகோபுரம் 1987-இல் 236 அடிக்கு நிமிர்ந்ததே, எடுத்து முடிக்க ஆள் வந்ததால்தானே?

ஒன்று மட்டும் மறவாதீர்கள். மூங்கில் பிளக்கும் அக்காவுக்கு நாள்கூலி கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். விற்ற விலையில் பங்கு கொடுங்கள். அவர் வீட்டு அடுப்பு அணையாதவரை உங்கள் தொழிலும் அணையாது. எழுந்திருங்கள், கத்தியைத் தீட்டுங்கள்!