விடை தெரிந்தவனின் கோபம்

சென்ற மாதம் ஓர் இரவு கைபேசியில் சதுரங்க ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையில் மிஞ்சியவை ஐந்தே காய்கள்: இரண்டு ராஜாக்கள், ஆளுக்கொரு யானை, வெள்ளையிடம் ஓரத்துச் சிப்பாய் ஒன்று. 'சமம்' என்று யந்திரம் காட்டிற்று. கறுப்பு ஆடியவருக்குச் சில விநாடிகளே பாக்கி. யானையை நகர்த்தினார், மறுகணம் 'தோல்வி' என்று மாறிவிட்டது.

"அட மடையா! யானையைப் பக்கவாட்டில் அல்லவா வைக்கவேண்டும்?" என்றேன்.

அருகிலிருந்த என் சகோதரியின் பிள்ளை, "ஏன் மாமா, பக்கவாட்டில் வைத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. யந்திரம் காட்டியதை நான் சொன்னேன், அவ்வளவுதான். ஐந்து மணி நேரம் மூளையைக் கசக்கிய ஒரு மனிதரை, கட்டிலில் சாய்ந்துகொண்டு மடையன் என்று சொல்லிவிட்டேன். விடையை மட்டும் கையில் வைத்திருப்பவனுக்கு, அதைத் தேடித் தவறியவனைப் பழிக்க உரிமை உண்டா?

இந்த யந்திரத்துக்கும் 'ஏன்' என்பது தெரியாது என்பதுதான் வேடிக்கை. ராஜா அகப்பட்ட நிலைகளை எல்லாம் முதலில் எழுதிக்கொள்கிறது. அவற்றுக்கு ஒரு நகர்த்தல் முன்னால் என்ன, அதற்கும் முன்னால் என்ன என்று பின்னோக்கிப் போய் ஒரு பெரும் பட்டியலைத் தயாரிக்கிறது. கென் தாம்ஸன் 1980-களில் ஐந்து காய்கள் வரை இப்படிச் செய்தார். 2012-இல் மாஸ்கோவில் ஏழு காய்களுக்கும் முடித்துவிட்டார்கள். வெற்றிக்கு 500-க்கு மேற்பட்ட நகர்த்தல்கள் வேண்டியிருக்கும் நிலைகளும் அதில் உண்டு. அவை ஏன் வெற்றி என்று விளக்க எந்த மேதையாலும் ஆகாது. துப்பறியும் கதை எழுதுகிறவர்களும் கொலைகாரனை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் முதல் அத்தியாயத்துக்கு வருகிறார்கள். நானும் அப்படிச் செய்ததுண்டு. ஆனால் வாசகருக்குக் கொலைகாரன் யாரென்று முன்பே தெரியவில்லையே என்று எந்த எழுத்தாளனும் கோபித்துக்கொண்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. பட்டியலுக்குச் சமம் என்றால் எல்லாம் ஒரே சமம். குழந்தையும் காப்பாற்றக்கூடிய சமமும், ஒரே ஒரு நகர்த்தலில் உயிர் தொங்கும் சமமும் அதற்கு ஒன்றுதான். தவறியவர் நின்ற இடம் எவ்வளவு வழுக்கல் என்பது அதன் கணக்கில் ஏறுவதே இல்லை.

1962-இல் பல்கேரியாவின் வார்னா நகரில் போட்வின்னிக்கும் பாபி பிஷரும் மோதினார்கள். முன்னவர் உலக சாம்பியன். பின்னவருக்கு வயது 19. யானை முடிவாட்டம், பிஷருக்கு ஒரு சிப்பாய் அதிகம். ஆட்டம் மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. சோவியத் குழுவினர் இரவில் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள்; தப்பும் வழியைக் கண்டவர் கெல்லர். ஆட்டம் சமமாயிற்று. தனக்கு வெற்றி இருந்தது என்று பிஷர் 1969-இல் புத்தகத்தில் எழுதினார். இல்லை என்று போட்வின்னிக் மறுத்தார். அந்த நிலையைத் தம் மாணவர்களிடமும் ஆராயக் கொடுத்தார். சிறுவன் காஸ்பரோவும் அவர்களில் ஒருவன். இத்தனை மகாரதிகள் வருஷக்கணக்கில் மன்றாடிய இடத்தை, எதையும் புரிந்துகொள்ளாத ஒரு பொருள் தட்டிக்கேட்கும் காலம் இது.

மின்பொறியியல் அறிஞரான போட்வின்னிக், பிற்காலத்தில் மனிதனைப் போலவே யோசிக்கும் சதுரங்க யந்திரம் ஒன்றை உருவாக்க ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார். 'பயனீர்' என்று பெயர். அது நல்ல ஆட்டக்காரனாகத் தேறவே இல்லை. அவர் 1995-இல் காலமானார். இரண்டு வருஷம் கழித்து அவருடைய மாணவர் காஸ்பரோவைத் தோற்கடித்த 'டீப் புளூ', விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பரிசீலித்த யந்திரம். கிழவர் தோற்றார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் விரும்பியது வெறும் விடையை அல்ல.

அன்றிரவு கைபேசியை மூடிவிட்டு மரப்பலகையை எடுத்தேன். பையனும் உட்கார்ந்தான். வான்சூரா என்ற செக்கோஸ்லோவாகியர் இந்த நிலையை ஆராய்ந்திருக்கிறார். அவர் இளவயதில் இறந்த பிறகு, 1924-இல் அது வெளிவந்தது. வெள்ளை யானை தன் சிப்பாய்க்கு முன்னால் மூலையில் அடைபட்டிருக்கிறது. கறுப்பு யானை பக்கத்திலிருந்து சிப்பாயைக் குறிவைத்தால், அதைக் காக்கும் காவலை விட்டு வெள்ளை யானை அசைய முடியாது. வெள்ளை ராஜா துணைக்கு வந்தால் பக்கத்திலிருந்தே 'செக்' கொடுத்து விரட்டலாம். சிப்பாய் ஒரு கட்டம் முன்னேறினாலோ, உடனே அதன் பின்னால் போய்விட வேண்டும்.

"அப்படியானால் கறுப்பு ராஜா எங்கே நிற்கவேண்டும், மாமா?" என்றான் பையன்.

மணி ஒன்றரை. ராஜாவை ஒவ்வொரு கட்டமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.