படிக்காசு சொல்லும் கணக்கு

மாதக் கடைசியில் பால் கணக்கையும் மளிகைக் கணக்கையும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'இதற்கும் பகவானுக்கும் என்ன சம்பந்தம்? பூஜை அறை வேறு, அஞ்சறைப் பெட்டி வேறு' என்று உங்களுக்குத் தோன்றியதுண்டா? தோன்றியிருந்தால், ஒருமுறை திருவீழிமிழலைக்குப் போய் வாருங்கள். திருவாரூர் மாவட்டத்தில், பூந்தோட்டத்துக்கு மேற்கே இருக்கிறது இந்தத் தலம். மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று மாப்பிள்ளை சுவாமியைத் தேடி நிறையப் பேர் போகிறார்கள். நல்லதுதான். ஆனால், அங்கே கிழக்கிலும் மேற்கிலுமாக இரண்டு பீடங்கள் உண்டே... அவற்றின் முன்பும் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். சாட்சாத் பரமேஸ்வரனே சாப்பாட்டுச் செலவுக்குக் காசு வைத்த இடம் அது!

திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அடியார் கூட்டத்தோடு அந்த ஊரில் தங்கியிருந்த சமயம். மழை பொய்த்தது. ஆறு வற்றி, வயல் வெடித்து, பஞ்சம் தலைவிரித்து ஆடியது. இரண்டு பேருக்கும் அது ஒரு பொருட்டில்லை. ஆனால், அவர்களை நம்பி வந்த அடியார்கள்? அன்று இரவு வீழிநாதர் இருவரின் கனவிலும் வந்தார். 'கால மாறுதலால் உங்களுக்கு வாட்டம் வராது. ஆனாலும் உங்களைச் சேர்ந்தவர்களுக்காக, இந்தப் பஞ்சம் தீரும் வரை தினமும் ஒவ்வொரு காசு தருகிறோம்' என்றார். மறுநாள் காலையில் கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு ஒரு காசு. மேற்குப் பீடத்தில் அப்பருக்கு ஒரு காசு. இரண்டு திருமடங்களிலும் அடுப்பு எரிந்தது.

இதில் கவனித்தீர்களா... தினமும் ஒரு காசு! குபேரனையே தோழனாக வைத்திருப்பவர், ஒரு குடம் பொற்காசைக் கொட்டியிருக்கக் கூடாதா? கொட்டவில்லை. அன்றன்றைக்கு வேண்டியதை அளந்து வைத்தார். 'படியளக்கிறவன்' என்று நாம் சொல்வது சும்மா இல்லை. அரிசிப் பானைக்குள் படியைப் போட்டு வைத்திருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பானை நிறைய இருக்கிறதே என்று யாராவது ஒரேநாளில் வடிப்பார்களா?

ஆனால், சம்பளம் வந்த முதல் வாரத்தில் மட்டும் பானை முழுவதையும் வடித்து விடுகிறோம்! கடைசி வாரத்தில் அக்கம்பக்கத்தில் கைமாற்று. வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம், கடன் தவணை, கேஸ், மருந்து என்று முதல் தேதியே எடுத்து வைத்துவிட்டு, மீதியை முப்பதால் வகுத்துப் பாருங்கள். வருகிறதே ஒரு தொகை, அதுதான் உங்கள் வீட்டுப் படிக்காசு. இன்று மிச்சமானால் நாளைக்கு. இன்று கூடினால் நாளைக்குக் குறையும். அவ்வளவுதான் வித்தை.

கதை இதோடு முடியவில்லை. சுவையான பகுதியே இனிமேல்தான்.

அப்பர் மடத்தில் உச்சிவேளைக்குள் பந்தி முடிந்துவிடுகிறது. சம்பந்தர் மடத்திலோ இலை போடவே பொழுது சாய்கிறது. சம்பந்தர் கேட்டார்: ''ஏன் இந்தத் தாமதம்?'' சமையல் பொறுப்பில் இருந்தவர்கள் தயங்கியபடி சொன்னார்கள்: ''அப்பர் சுவாமிகள் மடத்துக் காசைக் கொடுத்தால் கடைக்காரர் உடனே சாமான் தந்துவிடுகிறார். நம் காசுக்கு வாசி கேட்கிறார். அதைத் தீர்த்து வாங்கி வருவதற்குள் நேரமாகி விடுகிறது.''

வாசி என்றால், காசில் உள்ள குறைவுக்காகப் பிடித்துக்கொள்ளும் வட்டம். கையில் இருப்பது ஒரு காசுதான். ஆனால், கடையில் அது ஒரு காசுக்குச் செல்லாது.

ஞானப்பால் உண்ட பிள்ளை, அம்பிகையின் செல்லப் பிள்ளை... அவர் கடைக்காரரைக் கோபிக்கவில்லை. சுவாமி கொடுத்த காசில் குறை சொல்லலாமா என்று மழுப்பவும் இல்லை. காரணத்தை யோசித்தார். அப்பர் பெருமான் உழவாரம் ஏந்தி, உடம்பு வருந்தக் கைத்தொண்டு செய்கிறவர். அதனால்தான் அவருக்கு வாசி இல்லாத காசு என்று உணர்ந்தார். நேரே சந்நிதிக்குப் போய்ப் பதிகம் பாடினார். நல்ல காசு கிடைத்தது. மடத்திலும் வேளைக்குச் சாப்பாடு நடந்தது.

பெரியவர்கள் இதற்கு வேறு விளக்கமும் சொல்வார்கள். அப்பருடையது உழைத்த கூலி, சம்பந்தருடையது அப்பா பிள்ளைக்குக் கொடுத்த கைச்செலவு என்பார்கள். எனக்கு என்னவோ, 'ஏன் தாமதம்?' என்று அவர் கேட்டாரே, அந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. நம் காசிலும் எத்தனையோ வாசி பிடித்தம் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. நாம் கேட்பதில்லை!

நகைக்கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். 8 கிராம், அதாவது ஒரு பவுன் நகை. சேதாரம் 15 சதவிகிதம் என்றால், நீங்கள் 9.2 கிராமுக்குப் பணம் கட்டுகிறீர்கள். அதன் மேல் 3 சதவிகிதம் வரி. நாளைக்கே ஓர் அவசரத்துக்கு விற்கப் போனால், எடை போடுவது 8 கிராமுக்குத்தான். பெண்ணுக்குப் போட்டு அழகு பார்க்க வாங்குகிறீர்களா, தாராளமாக வாங்குங்கள். 'சேமிப்பு' என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள். அட்சய திருதியைக்குக் கடன் அட்டையைத் தேய்த்துத் தங்கம் வாங்கினால் பெருகும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. அன்றைக்குப் பெருகுவது தானத்தின் புண்ணியம். அட்டைக்காரருக்கு முழுத் தொகையையும் கட்டாமல் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டி வந்தால், அங்கேயும் ஒன்று பெருகும். அது வட்டி!

நகை வாங்கும்போது மாற்று பார்ப்பதற்கும் நமக்கு ஒரு சுவாமி இருக்கிறார். சுந்தரமூர்த்தி நாயனாருக்குத் திருமுதுகுன்றத்தில், அதாவது விருத்தாசலத்தில், ஈசன் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார். 'இதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்' என்று உத்தரவு. சுந்தரர் என்ன செய்தார் தெரியுமா? ஆற்றில் போடுவதற்கு முன்னால் மச்சம் வெட்டி, ஒரு துண்டை மாதிரிக்காகக் கையில் வைத்துக்கொண்டார். பின்பு கமலாலயத்தில் பொன் கிடைத்ததும், அந்தத் துண்டோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தார். மாற்று குறைந்திருந்தது. விடவில்லை, மீண்டும் பாடி, சரியான பொன்னாகப் பெற்றார். அன்று உரைத்துப் பார்த்தவர் பிள்ளையாரே என்பது திருவாரூர் ஐதிகம். கமலாலயக் கரையில் 'மாற்றுரைத்த பிள்ளையார்' என்ற பெயரோடு இன்றும் இருக்கிறார்.

பகவான் கொடுத்ததையே உரைத்துப் பார்த்தார் தம்பிரான் தோழர். நாமோ, 'தெரிந்தவர், நல்லவர், நெற்றியில் பட்டை பட்டையாக விபூதி இட்டிருக்கிறார்' என்று சீட்டுப் பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். ஏலச்சீட்டு பதிவு செய்யப்பட்டதா என்று பதிவுத்துறையில் விசாரிக்கலாம். நகையில் ஹால்மார்க் முத்திரையோடு ஆறு இலக்க அடையாள எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். 2023 ஏப்ரல் முதல் அது இல்லாமல் கடைகள் நகை விற்கக் கூடாது. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். பிள்ளையாரே செய்த காரியம் இது.

கணவர் ஓய்வு பெறும் நேரம்தான் ரொம்பவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய காலம். அதுவரை படிக்காசாக வந்தது, அன்றைக்குக் குடத்தோடு வரும். சேமநல நிதி, பணிக்கொடை எல்லாம் ஒரே மாதத்தில் கையில் இருக்கும். எங்கிருந்தோ உறவுகள் முளைக்கும். 'நூற்றுக்கு மூன்று வட்டி, மாசம் தவறாமல் வீட்டுக்கே வரும்' என்று ஒருவர் வந்து உட்காருவார். அந்த ஆளுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், பணம் கொடுக்காதீர்கள். நம்பகமான வங்கியில் போட்டாலும், ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்ச ரூபாய் வரைதான் காப்பீடு. 2020 முதல் இந்த வரம்பு. ஆகவே பிரித்துப் போடுங்கள். குடத்தை மறுபடியும் படிக்காசாக்கி, மாதா மாதம் வட்டி வருகிற மாதிரி அமைத்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள அழகாபுத்தூரிலும் ஒரு படிக்காசுநாதர் உண்டு. அங்கே பூஜை செய்துவந்த புகழ்த்துணை நாயனார், பஞ்ச காலத்தில் பசியால் தளர்ந்து, அபிஷேகக் குடத்தைத் தாங்க முடியாமல் சுவாமியின் திருமுடி மேலேயே நழுவவிட்டார். பதறிப்போனார். ஈசன் கோபிக்கவில்லை. பஞ்சம் தீரும் வரை அவருக்கும் தினம் ஒரு காசு வைத்தார். வரும்படி நின்றுபோன காலத்திலும் அவர் பூஜையை நிறுத்தவில்லை. வேலை போன வீடுகளில், 'இனி வெள்ளிக்கிழமைப் புஷ்பம் கூட வேண்டாம்' என்று விரக்தியில் நிறுத்துவார்கள். வேண்டாம். ஒரு முழம் ஒரு கிள்ளு ஆகட்டும்.

ஒருமுறை உபந்நியாசம் முடிந்ததும் ஓர் அம்மாள் வந்தார். ''போன வருஷம் அவர் போய்விட்டார். எந்த பேங்கில் என்ன போட்டிருக்கிறார் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. 'உனக்கு எதற்கு இந்தக் கவலையெல்லாம்' என்பார். பீரோவில் பழைய ரசீது இரண்டு கிடக்கிறது. சுவாமி கொடுத்ததை நானே ஆற்றில் போட்டுவிட்டுத் தேடுகிறேன்'' என்றார். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குத் தொண்டை அடைத்தது.

அந்தப் பணம் எங்கேயும் போய்விடாது. பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட்டை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்பிவிட்டாலும், உரியவர் பின்னாலும் கேட்டுப் பெறலாம். இப்படிக் கிடக்கும் கணக்குகளைத் தேட, ரிசர்வ் வங்கி 2023-ல் 'உத்கம்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. பிள்ளையையோ பேத்தியையோ விட்டுத் தேடச் சொல்லலாம். அந்த அம்மாளிடமும் இதைத்தான் சொல்லி, ரசீதுகளை எடுத்துக்கொண்டு முதலில் அந்தந்தக் கிளைக்குப் போகச் சொன்னேன்.

சுமங்கலிகளுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது, 'அபசகுனம்' என்பார்கள். திருக்கடவூர் குங்கிலியக்கலயர் வீட்டு அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் பசியால் துடித்தபோது, தன் தாலியைக் கழற்றி, 'இதற்கு நெல் வாங்கி வாருங்கள்' என்று கணவரிடம் கொடுத்தவர். அவர் குங்கிலியம் வாங்கிக்கொண்டு கோயிலுக்கே போய்விட்டார்! அது அவர் பக்தி. உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த யோசனை வர வேண்டாம். ஆனால், அன்றிரவு ஈசன் முதலில் யார் கனவில் போனார்? வீட்டில் பட்டினியாகப் படுத்திருந்த அந்த அம்மாளின் கனவில். கண்விழித்துப் பார்த்தால் வீடு முழுக்கச் செல்வம். அதன் பிறகுதான் கோயிலில் இருந்த கலயரிடம், 'வீட்டுக்குப் போய்ப் பசியாறு' என்றார். வீட்டின் நிலவரம் தெரிந்திருக்க வேண்டியவர் யார் என்பதில் சுவாமிக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றி முடித்ததும், ஒரு நோட்டில் பிள்ளையார் சுழி போடுங்கள். அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி வங்கிக் கணக்குகள், டெபாசிட், இன்ஷூரன்ஸ், அடகில் உள்ள நகை, கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய கடன் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நாமினி யார் என்றும் எழுதுங்கள். கல்யாணத்துக்கு முன்பு போட்ட பாலிசியில் இன்னமும் மாமியார் பெயர் இருக்கும், மாற்றச் சொல்லுங்கள். நாமினி என்றாலே சொத்துக்குச் சொந்தக்காரர் என்று ஆகிவிடாது. பிள்ளைகளுக்குள் பிரிப்பதாக இருந்தால் உயில் தனியாக வேண்டும்.

கடன் பட்டியல் நீளமாக வந்தால் பயப்பட வேண்டாம். குடவாசல் போகும் வழியில் திருச்சேறையில் ருண விமோசன லிங்கேஸ்வரர் இருக்கிறார். அர்ச்சனைத் தட்டோடு, எழுதிய நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். வட்டி அதிகமான கடன் எதுவோ, அதை முதல் வரியில் எழுதிக்கொண்டு போங்கள்.