இரண்டாம் பார்வை

எந்தப் பொருளைப் பற்றியும் நாம் இரண்டு தடவை தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கி வந்து பிரித்துப் பார்க்கும்போது ஒரு தடவை. அது எப்படி உண்டாயிற்று என்று தெரிந்துகொண்ட பிறகு இன்னொரு தடவை. இரண்டும் ஒத்துப்போனால் கவலை இல்லை. ஒத்துப்போகாவிட்டால் எதை நியாயம் என்பது?

சென்ற ஆண்டு அமெரிக்காவில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், தம் சிறு வயது விளையாட்டுப் பெட்டி ஒன்றைக் காட்டுவதற்காக எங்களை அழைத்தார். ‘அடாரி 2600’ என்று பெயர். பழைய தொலைக்காட்சியோடு அதை இணைத்து, ஒரு கட்டையைச் செருகினார். திரையில் ‘பாக்-மேன்’ வந்தது.

1980-ல் ஜப்பானில் நாம்கோ கம்பெனியைச் சேர்ந்த தோரு இவாதானி உருவாக்கிய ஆட்டம் அது. விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டு ஆடுவது. புதிர்வழி ஒன்றில் மஞ்சள் நிற வாய் ஒன்று, 240 புள்ளிகளையும் நான்கு பெரிய உருண்டைகளையும் தின்றுகொண்டு ஓடும். நான்கு பேய்கள் துரத்தும். சிவப்புப் பேய் பின்னாலேயே வரும். இளஞ்சிவப்புப் பேய் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். ஆரஞ்சுப் பேய் நெருங்கி வந்து, என்னவோ நினைத்துக்கொண்டாற்போல் விலகிப் போகும். கதை எழுதிப் பிழைக்கிறவனாகிய எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. நான்கு பேய்க்கும் நான்கு குணம்!

ஆனால் அந்தப் பெட்டியில் நான் கண்டது வேறு. கறுப்புப் பின்னணி நீலமாகிவிட்டது. புள்ளிகள் சிறு கோடுகளாகி, எண்ணிக்கையில் ஏறக்குறையப் பாதியாகியிருந்தன. பழங்கள் இருந்த இடத்தில் ஒரு சதுரம். பேய்களோ மங்கி மங்கித் துடித்தன; எது எந்தப் பேய் என்று எனக்கு விளங்கவில்லை. 1982-ல் இந்தக் கட்டை லட்சக்கணக்கில் விற்றது; வாங்கியவர்களில் பலர் “ஏமாந்தோம்” என்றார்கள். இன்றுவரை அந்தப் பழி மாறவில்லை.

இது முதல் தீர்ப்பு. இப்போது இரண்டாவதற்கு வருவோம்.

அந்தப் பெட்டி 1977-ல் வெளிவந்தது. இருவர் எதிரெதிரே பந்தடிப்பது, டாங்கிச் சண்டை போடுவது போன்ற ஆட்டங்களை மனத்தில் வைத்துச் செய்தது. ஆகையால் தானாக நகரும் உருவங்கள் இரண்டு, குண்டுகள் இரண்டு, பந்து ஒன்று. அதற்கு அவ்வளவுதான் தெரியும். வேலைக்கு வைத்துக்கொள்ளும் நினைவகம் 128 பைட். ஆங்கிலத்தில் 128 எழுத்து எழுதினால் இடம் தீர்ந்துவிடும். முழுப் படத்தை வரைந்து வைத்துக்கொள்ளவும் இடம் கிடையாது. தொலைக்காட்சியின் கதிர் கோடு கோடாக இறங்கும்போதே, ஒவ்வொரு கோட்டுக்கும் என்ன வரைவது என்று உடனுக்குடன் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கூடத்து யந்திரத்தில் ஆட்டத்தின் ஆணைகளுக்கு 16 கிலோபைட் இருந்தது. இந்தக் கட்டையில் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து 4.

இதற்குள் அந்த ஆட்டத்தை அடைக்கும் வேலை டாட் ஃபிரை என்ற இளைஞரிடம் வந்தது. இரண்டு உருவங்களில் ஒன்றை மஞ்சள் வாய்க்குக் கொடுத்தார். மீதி ஒன்றை நான்கு பேய்களுக்கும் பங்கிட்டார். நொடிக்கு 60 தடவை மாறும் திரையில், ஒவ்வொரு பேயும் நான்கு முறைக்கு ஒரு முறை தோன்றும். ஒரே வேட்டியை முறை வைத்துக் கட்டிக்கொண்டு வெளியே வரும் நான்கு ஏழைச் சகோதரர்கள் மாதிரி! நான் கண்ட துடிப்பு அலட்சியம் அல்ல, வறுமை.

இதைத் தெரிந்துகொண்டதும் என் மனம் இளகிவிட்டது. “பாவம், எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்!” என்று தோன்றியது. ஆனால் இங்கேதான் நாம் வழுக்கி விழுகிறோம். பட்ட பாடு தெரிந்ததனால் பேய்கள் துடிப்பதை நிறுத்திவிட்டனவா?

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பத்திரிகை மலருக்காகப் பன்னிரண்டு பக்கத்தில் எழுதிய கதையைக் கடைசி நேரத்தில் நான்கு பக்கமாகச் சுருக்கித் தரச் சொன்னார்கள். விடிய விடிய உட்கார்ந்து சுருக்கினேன். மலர் வந்ததும் ஒரு வாசகர் எழுதினார்: “முடிவில் ஏன் இவ்வளவு அவசரம்?” கோபத்துடன் பதில் எழுத உட்கார்ந்தேன்; எழுதவில்லை. அவர் காசு கொடுத்தது கதைக்காக, என் கஷ்டத்துக்காக அல்ல. அவர் சொன்னதும் உண்மை. நான் தூங்காததும் உண்மை. ஓர் உண்மையைக் காட்டி இன்னோர் உண்மையை அடிப்பது எப்படி நியாயமாகும்?

உழைத்தவனைப் பற்றிய தீர்ப்பு ஒன்று. உழைப்பில் விளைந்ததைப் பற்றிய தீர்ப்பு வேறு. பண்டம் மோசம் என்பதற்காகச் செய்தவனைச் சோம்பேறி என்பது அநியாயம். செய்தவன் நல்லவன் என்பதற்காகப் பண்டத்தைப் புகழ்வது பொய். பெருந்தன்மை என்ற பெயரில் நாம் அடிக்கடி இந்தப் பொய்யைச் சொல்கிறோம்.

மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. 1981-ல் அதே பெட்டிக்கு வந்த ‘ஆஸ்டிராய்ட்ஸ்’ ஆட்டத்துக்கு 8 கிலோபைட் கிடைத்திருந்தது. 1983-ல் வந்த ‘மிஸ் பாக்-மேன்’ ஆட்டத்துக்கும் 8. அதில் பேய்களின் நிறம் தெரிந்தது. பழங்கள் பழங்களாகவே இருந்தன. அப்படியானால் இதற்கு மட்டும் ஏன் 4? அந்த அளவை வைத்துக்கொண்டே அட்டைப் பெட்டியின் மேல் புகழ்பெற்ற பெயரைப் போட்டாயிற்று. உள்ளே இருக்கும் ஏழ்மையைப் பெயர் சொல்லவில்லை. குற்றம் என்று ஒன்று இருக்குமானால், அது செய்த கையைவிட, அளந்து கொடுத்து வாக்களித்த இடத்தில்தான் அதிகம் இருக்கிறது என்பேன்.

இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“எங்கள் ஊரில் விளையாட்டுக் கூடமே கிடையாது. எனக்கு இதுதான் பாக்-மேன். பல வருஷம் கழித்து நிஜமானதைப் பார்த்தபோது, பேய்கள் ஏன் துடிக்கவில்லை என்றுதான் கேட்கத் தோன்றியது” என்றார்.

என்னுடைய இரண்டு தீர்ப்புகளிலும் இந்தச் சிறுவனுக்கு இடமே இல்லாமல் போயிருந்தது. அவனுடைய ஆனந்தம் பண்டத்தை நல்லதாக்கிவிடாது. வாக்களித்தவர்களுக்கு விடுதலை தந்துவிடவும் செய்யாது. ஆனால் அதைப் பொய் என்று சொல்ல எனக்கு ஏது உரிமை?

அவர் மறுபடியும் ஆடத் தொடங்கினார். நான் மங்கலான அந்தப் பேய்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. ஆயினும் ஒவ்வொரு பேயும் தன் முறை வரும்வரை காத்திருந்து தோன்றுவதை இப்போது என்னால் மரியாதையோடு பார்க்க முடிந்தது.