கடைப் பலகையில் ஓர் அமானிதம்

 

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை ஒரு தையற்காரர் விருந்துக்கு அழைத்தார். உடன் சென்ற அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்ததை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் சேர்ந்த ஆணமும் வந்தன. பெருமானார் அவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைத்துண்டுகளைத் தேடியெடுத்து உண்டார்கள். அன்று முதல் அனஸ் (ரலி) அவர்களுக்கும் சுரைக்காய் பிரியமாயிற்று.

நம்மில் எத்தனை பேர் வீட்டில் இவ்வாரம் சுரைக்காய் ஆக்கினார்கள்? கோசும் உருளைக்கிழங்கும் காரட்டும்தானே மாறி மாறி வருகின்றன! நம்மவர் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

திருமறையின் அல்அன்ஆம் அத்தியாயம் 141-ம் வசனத்தில், பந்தலில் படர்வனவும் படராதனவுமான தோட்டங்களையும், சுவை வேறுபட்ட விளைச்சல்களையும் படைத்ததை அல்லாஹ் எடுத்துரைக்கிறான். அங்கேயே விரயம் செய்யாதீர் என்றும் பணிக்கிறான். மிஞ்சிய சோற்றைக் கொட்டுவது மட்டுமா விரயம்? அவன் தந்த ஒரு வகையையே அழிய விடுவதும் விரயம் என்றே நாம் எண்ணுகிறோம்.

இந்நாட்டுக் காச்சாங் போத்தோலைப் பாருங்கள். நான்கு புறமும் சிறகு வைத்த அவரை அது. காய், இலை, பூ, விதை, கிழங்கு யாவும் உண்ணலாம். 1975-ல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் அதன் புரதச் சத்தை வியந்து தனி அறிக்கையே வெளியிட்டது. ஆனாலும் அது பெரும் பயிராகவில்லை. கொடிக்குக் கொம்பு நட வேண்டும். பறித்த காயும் சீக்கிரம் வாடிவிடும். வாங்குவோர் இல்லாதபோது யார்தான் கொம்பு நடுவார்?

தைவானில் 1971-ல் நிறுவப்பட்ட உலகக் காய்கறி மையம் 65,000-க்கு மேற்பட்ட விதை மாதிரிகளைக் காத்து வருகிறது. நல்ல காரியம். ஆயினும் குளிரறையில் உறங்கும் விதைக்குச் சமையல் பக்குவம் தெரியுமா? கம்பெனிக் கலப்பின விதையோ, மறு போகம் தாயைப் போல் காய்ப்பதில்லை. மீண்டும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். நம் பாட்டிமார் சாம்பலில் புரட்டி எடுத்து வைத்த சுரை விதை அப்படியன்று.

“ஓடாத சரக்கை வாங்கி நஷ்டப்படவா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாமும் கடை வைத்துப் பிழைப்பவர்களே. கூடை கூடையாக வாங்கச் சொல்லவில்லை. நாளைக் காலை பாசாருக்குப் போகையில், ஓரத்தில் ஒரு மலாய் மூதாட்டி நாலு கட்டுக் காச்சாங் போத்தோலைப் பரப்பி வைத்திருந்தால், விலை குறைக்கப் பேசாமல் இரண்டு கட்டு வாங்குவோம். ஒன்று கடைப் பலகைக்கு, ஒன்று வீட்டுக்கு. தொட்டுக்கொள்ளச் சம்பல் வீட்டிலேயே இருக்கும்.