போதும் என்னும் சொல்

'போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்பது தமிழர் வழிவழியாகப் போற்றிவரும் பழமொழி. ஆசையை அடக்கி, உள்ளதைக் கொண்டு உவந்து வாழ்பவன் நலம் பெறுவான் என்பதை மறுப்பார் இலர். ஆயினும் அதே 'போதும்' என்னும் சொல், சொல்லப்படும் இடம் மாறும்போது மருந்தாக அமைவதில்லை. பெறும் இடத்தில் போதும் என்பது நிறைவு. கொடுக்கும் இடத்தில் போதும் என்பது சோர்வு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் எல்லாச் சமயத்தார்க்கும் உரியதே. கிறிஸ்தவ சமயமோ பிறர்க்குப் பணிபுரிதலையே இறைப்பற்றின் அளவுகோலாகக் கொண்டது. ஆதலின் அச்சமயத்தாரிடத்தில் இம்மயக்கம் விளைக்கும் கேடு பெரிது.

திருவள்ளுவர் இதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். பொருட்பாலில் அரசியலுள் வைக்கப்பட்ட 54-ஆம் அதிகாரமாகிய பொச்சாவாமை, ஆள்வோனை நோக்கிக் கூறப்பட்டதாயினும் அனைவர்க்கும் பொருந்துவது. அளவு கடந்த சினத்தினும் தீயது, பெருமகிழ்ச்சியில் திளைத்துக் கடமையை மறக்கும் மறதி என்பது அவர் கருத்து. இம்மறதி துன்பத்தில் தோன்றுவதன்று, இன்பத்தில் தோன்றுவது. தோற்றவன் விழித்திருக்கிறான், வென்றவனே உறங்கிவிடுகிறான். ஆகவேதான், மகிழ்ச்சியால் செருக்குறும் வேளையில், அவ்வாறு மறந்து கெட்டவர்களை எண்ணிப் பார்க்குமாறு அவர் அறிவுறுத்துகிறார்.

விவிலியத்தின் இறுதி நூல் சுட்டும் லவோதிக்கேயா நகரும் இவ்வுண்மைக்குச் சான்றாகும். இன்றைய துருக்கி நாட்டின் எல்லைக்குள் அமைந்திருந்த அந்நகர் செல்வச் செழிப்பு மிக்கது. கி.பி. 60-ஆம் ஆண்டையொட்டி நிலநடுக்கத்தால் இடிந்தபோதும், உரோமைப் பேரரசின் உதவியை நாடாமல் தன் பொருளாலேயே மீண்டெழுந்ததாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறித்துள்ளார். அந்நகரத்துச் சபை கண்டிக்கப்பட்டது கொடுமை இழைத்ததற்காக அன்று. இறைவனை மறுத்ததற்காகவும் அன்று. தனக்கு ஒரு குறையும் இல்லை என்று கருதி, குளிர்ச்சியும் இன்றி வெம்மையும் இன்றி வாழ்ந்ததற்காகவே கண்டிக்கப்பட்டது.

பள்ளி முந்தியது

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் இதனை எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்ற இடம் பர்குவார் வீதி. தூய ஜார்ஜ் ஆலயம், விண்ணேற்பு அன்னை ஆலயம், தூய சேவியர் கல்விக்கூடம் ஆகியவை அவ்வொரே வீதியில் அமைந்துள்ளன. தூய ஜார்ஜ் ஆலயம், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பால் எழுந்தது. 1819-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் கல்கத்தா ஆயர் மிடில்டன் அதனை இறைவனுக்கு அர்ப்பணித்தார்.

அக்காலத்தில் அங்குக் குருவாகப் பணியாற்றியவர் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஊதியம் பெற்று, அதிகாரிகளின் குடும்பங்களுக்கு வழிபாடு நடத்துவது அவர்தம் பதவி. அதனோடு நின்றிருந்தால் அவரைக் குறைகூறுவார் ஒருவரும் இருந்திரார். ஆயினும் இனவேறுபாடின்றி எல்லார் பிள்ளைகளும் பயிலத்தக்க ஒரு பள்ளி வேண்டும் என்று அவர் முனைந்தார். அதன் பயனாக 1816-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் பினாங்கு பிரீ ஸ்கூல் தொடங்கப்பெற்றது. ஆண்டுகளை ஒப்பு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பள்ளி முந்தியது, ஆலயம் பிந்தியது. தாம் வழிபடுவதற்கென ஒரு கட்டடம் எழுமுன்பே, பிறர் பிள்ளைகள் கற்பதற்கு இடம் தேடப்பட்டது.

2008-ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பழைய ஆலயங்கள் பேணப்படுகின்றன. வெள்ளையடிக்கப்பெற்ற தூண்களைக் காணப் பயணிகள் வருகின்றனர். கட்டடம் பாரம்பரியச் சின்னமாவது பெருமைக்குரியதே. ஆனால் நம்பிக்கையும் ஒரு சின்னமாகிவிடலாம் அன்றோ? முன்னோர் தொடங்கிய பள்ளியும் மருத்துவமனையும் தம் கணக்கில் வரவு வைக்கப்பட்டுள்ளன என்று வழித்தோன்றல்கள் எண்ணத் தொடங்கும் நாளே சோர்வின் முதல் நாள். விளக்கொளியில் அமர்ந்திருப்போர் அனைவரும் விளக்குக்கு எண்ணெய் வார்ப்போர் ஆகார்.

யாழ்ப்பாணம் தந்த விழிப்பு

இச்சோர்வைக் கண்டு வெட்கமுற்று, வெட்கத்தைச் செயலாக மாற்றிய தமிழர் ஒருவர் உண்டு. அவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், சபைப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அச்சீமையில் கிறிஸ்தவம் நூறாண்டுக்கு மேல் வேரூன்றியிருந்தது. ஊர்தோறும் ஆலயம், ஆலயந்தோறும் பள்ளி என்னும் நிலை. எல்லாம் கிடைத்திருந்தன, ஆயினும் பெரும்பாலானவை பிறர் தந்தவை.

1902-ஆம் ஆண்டில் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாமே பொருள் திரட்டி, கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு ஊழியரை அனுப்பி வந்ததைக் கண்டார். தொகையில் சிறிய சமூகம் கொடுக்கிறது. பெரிய சமூகமோ இன்னும் பெற்றுக்கொண்டே இருக்கிறது. இவ்வேறுபாடு அவர் உள்ளத்தைத் தைத்தது. மறு ஆண்டே, 1903-இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாயிற்று. இந்தியரின் உழைப்பு, இந்தியரின் பொருள், இந்தியரின் நிருவாகம் என்பன அதன் கொள்கைகள். ஐதராபாத் நிஜாமின் ஆட்சிப் பகுதியில் இருந்த தோர்ணக்கல் அதன் பணிக்களமாயிற்று. 1909-இல் அசரியா தம் உயர்ந்த பொறுப்பை விடுத்து அங்கேயே சென்று, தெலுங்கு மொழி பயின்று, ஏழை எளியோரிடையே வாழத் தலைப்பட்டார்.

சமயம் பரப்பும் முயற்சிகளைப் பற்றி மாறுபட்ட கருத்துடையோரும் இந்நிகழ்ச்சியில் ஓர் உண்மையைக் காணலாம். அசரியாவை விழிக்கச் செய்தது கண்டனம் அன்று, எடுத்துக்காட்டு. தம்மினும் வளம் குறைந்தோர் தம்மினும் மிகுதியாகக் கொடுப்பதைக் காணும்போதுதான், 'போதும்' என்று சொன்ன நா தயங்குகிறது.

கொடையும் நட்பும்

கொடுக்கத் தொடங்கிய பின்னும் சோர்வு விடுவதில்லை. அது வேறு வடிவம் கொள்கிறது. 1910-ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் நடைபெற்ற உலக மிஷனரி மாநாட்டில் அதே அசரியா உரையாற்றினார். மேலைநாட்டு ஊழியர்கள் பொருளும் உழைப்பும் உயிரும் ஈந்ததை நன்றியோடு ஏற்றுக்கொண்ட அவர், இந்தியர்க்குத் தேவைப்படுவது நட்பு என்றும் அதனைத் தருமாறும் வேண்டினார். அவையில் சலசலப்பு எழுந்தது. எல்லாம் ஈந்துவிட்டதாகக் கருதியிருந்தோர்க்கு, ஈயாத ஒன்று சுட்டிக்காட்டப்பட்டது.

இச்சொல் இன்றைய அன்றாட வாழ்வையும் ஆராய்கிறது. கிறிஸ்மஸ் காலத்தில் முதியோர் இல்லம் செல்வதும், அரிசியும் பழமும் பொட்டலமாக வழங்குவதும், நிழற்படம் எடுத்துத் திரும்புவதும் நற்செயல்களே. எனினும் பெற்றுக்கொண்ட முதியவரின் பெயர் கொடுத்தவர்க்குத் தெரியுமா? அடுத்த ஆண்டு அக்கட்டில் வெறுமையாக இருந்தால் அதனைக் கவனிப்பார் உண்டா? பெயரறியாக் கொடை கொடுப்பவரின் மனத்தை நிறைக்கலாம்; பெறுபவரின் தனிமையைத் தீர்ப்பதில்லை.

வாயிற்படிக்கு வெளியே

ஜார்ஜ் டவுனில் நீண்ட காலம் நடப்பில் இருந்த வீட்டு வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளோடு நீங்கியது. குறைந்த வாடகையில் பழைய கடைவீடுகளில் வாழ்ந்த பலர் நகரின் மையத்தை விட்டு வெளியேறினர். பல வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. கட்டடங்கள் நின்றன, அண்டை வீட்டார் மறைந்தனர். ஆலயத்தின் கதவு திறந்தே இருக்கிறது என்பது மட்டும் இந்நிலையில் போதிய விடையாகாது. நடந்து வர இயலாத் தொலைவுக்குச் சென்றுவிட்ட முதியவரைத் தேடிச் செல்வோர் யார் என்பதே வினா.

இன்னொரு கூட்டத்தாரும் உளர். 1972-இல் தொடங்கப்பெற்ற பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் உழைக்கின்றனர். அப்பேட்டைக்கு அண்மையிலுள்ள ஜெரஜாக் தீவில்தான், ஒரு காலத்தில் கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளர் நோய்த்தடுப்புக்காகத் தனித்து வைக்கப்பட்டனர். அன்று அயலாராக வந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று வரவேற்கும் நிலையில் உள்ளனர். நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கடந்து சென்றோர் சமயமறியாதார் அல்லர், சமயப் பணியாளரே. கண்டும் கடந்து சென்றதே அவர்தம் பிழை.

ஈண்டு ஒரு தடை எழலாம். வேலையாலும் குடும்பச் சுமையாலும் களைத்தோரிடம் மேலும் மேலும் பணி கேட்பது முறையா? முறையன்று. மார்த்தாளின் ஓயாத பரபரப்பை இயேசு பாராட்டவில்லை என்பதும் நினைக்கத் தக்கது. குழுக்களைப் பெருக்குவதும் கூட்டங்களைக் கூட்டுவதும் சோர்வுக்கு மருந்தாகா. சில வேளைகளில் அவையே சோர்வின் மாற்றுடைகள். இரவுப் பணி முடித்து வந்து நோயுற்ற தாயைப் பேணும் மகனுக்கு அத்தாயின் படுக்கையே பணிக்களம். வேண்டுவது செயல்களின் எண்ணிக்கை அன்று, பார்வையின் விழிப்பு.

அவ்விழிப்பு ஒரு வினாவில் அடங்கும். கூடியிருக்கும் இடத்தில் யார் இல்லை? வழிபாட்டில் வெறுமையான இருக்கை யாருடையது? வகுப்பில் பல நாள் வாராத மாணவன் எவன்? இவ்வினாவை ஞாயிறுதோறும் கேட்கும் சபையும், காலைதோறும் கேட்கும் ஆசிரியரும் எளிதில் உறங்கிவிடார். விடை ஒரு பெயராக வரும். அப்பெயருக்கு உரியவரின் வீட்டுக்குச் செல்லும் வழியும் தெரியவரும். போதும் என்று சொல்லும் உரிமை, கதவைத் திறந்து பார்க்கும் அவருக்கே உரியது.