வில்லைக்குப் பின்னால் இருக்கும் பணம்

அமெரிக்காவில் சனிக்கிழமை இரவுகளில் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து போக்கர் ஆடுவது நெடுநாள் வழக்கம். பந்தயம் பெரிதல்ல. ஆளுக்கு இருபது அல்லது ஐம்பது டாலர் கொண்டுவருவார்கள். கிளம்பும்போது சிலருடைய பணம் பாதியாகியிருக்கும், சிலருடையது இரட்டித்திருக்கும். 2003-இல் டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், 86 டாலர் கட்டி இணையத்தில் ஆடிய தகுதிச்சுற்று வழியாக உலகப் போக்கர் தொடருக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் வென்றார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் பலர் வீட்டிலும் ஆடத் தொடங்கினார்கள். பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் வட்ட வில்லைகள், அலுமினியப் பெட்டிக்குள் 300, 500 என்று அடுக்கப்பட்டு, சாதாரணக் கடைகளின் அலமாரிகளுக்கும் வந்துசேர்ந்தன.

அந்தப் பெட்டியை வாங்கப் போகிறவர் எடையைப் பார்ப்பார், நிறத்தைப் பார்ப்பார், விலையைப் பார்ப்பார். ஆனால் எந்தத் தொகுப்பை எடுக்கிறார் என்பதில் இன்னொரு கேள்விக்கும் விடை அடங்கியிருக்கிறது. சிறு தொகைக்கு நண்பர்களுக்குள் ஆடுவது சூதா, இல்லையா? சூதுதான் என்றால் அதன் குற்றம் எங்கே இருக்கிறது? தற்செயலை நம்புவதிலா, பிறர் பொருளை எடுப்பதிலா, ஆசையிலா? மதங்கள் இதற்கு ஒரே பதிலைச் சொல்லவில்லை. அவை பிரியும் இடத்தை நெருங்கிப் பார்த்தால், மேசைமேல் கிடக்கும் வில்லை என்பது உண்மையில் என்ன என்ற கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது.

முதலில் வில்லையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். குறுக்களவு 39 மில்லிமீட்டர். கடைப் பெட்டியின்மேல் 11.5 கிராம், 14 கிராம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தக் கனம் உள்ளே வைத்து மூடிய உலோகத் தகட்டிலிருந்து வருகிறது; வெளியே இருப்பது பிளாஸ்டிக். சூதாட்ட விடுதிகளில் புழங்கும் களிமண் கலவை வில்லையோ எட்டரை முதல் பத்து கிராம்தான் இருக்கும். ஆகவே கனமானதுதான் அசல் என்று நினைத்து வாங்குவது தவறு. பீங்கான் வகை வில்லைகளும் ஏறக்குறைய பத்து கிராம். அவற்றில் விளிம்பு வரைக்கும் வேண்டியதை அச்சிட்டுக்கொள்ளலாம். இந்த வசதி பின்னால் முக்கியமாகப் போகிறது.

வில்லை எதற்காக வந்தது? எண்ணுவதற்கு எளிது, அடுக்குவதற்கு எளிது, சில்லறைத் தொல்லை இல்லை. எல்லாம் சரி. ஆனால் கசங்கிய ஐந்து டாலர் நோட்டைப் பர்சிலிருந்து எடுத்து மேசை நடுவே வைக்கும்போது மனதில் ஒரு தயக்கம் வருமே, அது சிவப்பு வில்லையைத் தள்ளும்போது வருவதில்லை. நோட்டில் அரிசியும் பாலும் பேருந்துக் கட்டணமும் தெரிகின்றன; வில்லையில் ஆட்டம் மட்டுமே தெரிகிறது.

நெவாடா மாநிலத்தின் சூதாட்ட ஆணைய விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. வில்லை என்பது பணம் அல்ல; அதை வெளியிட்ட விடுதி, அதை வைத்திருப்பவருக்குத் தரவேண்டிய கடனுக்கான சான்று மட்டுமே. வில்லைக்கு உரிமையாளர்கூட விடுதிதான். ஆடுகிறவர் கையில் இருப்பது ஒரு கடன்சீட்டு, அவ்வளவே.

அந்தக் கடன்சீட்டு கோயில் தட்டிலும் விழுகிறது. லாஸ் வேகாஸ் நகரத்தின் விடுதி வீதியை ஒட்டி 1963-இல் கட்டப்பட்ட காவல் தூதர் பேராலயம் நிற்கிறது. வடிவமைத்தவர் பால் ஆர். வில்லியம்ஸ், இடம் கிடைத்தது டெசர்ட் இன் சூதாட்ட விடுதியை நடத்திய மோ டாலிட்ஸ் வழியாக. ஞாயிறு திருப்பலிக்கு வரும் பயணிகள் காணிக்கைத் தட்டில் நோட்டுகளோடு வில்லைகளையும் போடுவார்கள். ஆலயத்தார் அவற்றைப் பிரித்து, அந்தந்த விடுதியில் கொடுத்துப் பணமாக்கிக்கொள்வார்கள். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கத் தோன்றலாம். ஆனால் வில்லைக்குப் பின்னால் பணம் இருக்கிறது என்பதை அந்த நகரத்தில் மறக்காதவர்கள் அந்த ஆலயத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

சூதில் வென்ற பணத்தைத் தர்மம் செய்யலாமா என்ற கேள்வியை 13-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் பெருநூலில் எடுத்துக்கொண்டார். எல்லாச் சூதாட்டப் பணத்தையும் அவர் ஒரே தட்டில் வைத்து எடைபோடவில்லை. தன் பொருளைக் கொடுக்க உரிமை இல்லாத சிறுவரிடமோ மனநிலை சரியில்லாதவரிடமோ வென்றது, பேராசையால் இன்னொருவரை ஆட்டத்துக்கு இழுத்து வென்றது, ஏமாற்றி வென்றது ஆகியவற்றைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் பணத்தில் தர்மம் செய்ய முடியாது. இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் இதே தடத்தில் நடக்கிறது. அதிர்ஷ்ட விளையாட்டும் பந்தயமும் தம்மளவில் நீதிக்கு எதிரானவை அல்ல என்றும், ஒருவருடைய தேவைக்கும் அவரை நம்பியிருப்பவர்களின் தேவைக்கும் உரியதை அவை பறிக்கும்போது ஏற்க முடியாதவை ஆகின்றன என்றும் அது சொல்கிறது. இந்த அளவுகோலில் ஐம்பது டாலர் ஒரு வீட்டில் சினிமாச் செலவு. இன்னொரு வீட்டில் குழந்தையின் மருந்து. ஆட்டம் நடத்துகிறவர் தன் விருந்தாளிகளை அறிந்தவராக இருந்தாக வேண்டும்.

யூத மரபு இன்னும் ஆழமாகத் தோண்டியது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில், நீதிமன்றத்தில் சாட்சி சொல்லத் தகுதியற்றவர்களின் வரிசையில் பகடை ஆடுகிறவனும் வருகிறான். வட்டிக்கு விடுகிறவன், புறாப் பந்தயம் விடுகிறவன் ஆகியோரோடு. ஏன் தகுதியில்லை? மிஷ்னாவை விவாதிக்கும் தால்முதில் இரண்டு அறிஞர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ராமி பர் ஹாமா சொல்வது: தோற்றவன் மனமாரக் கொடுக்கவில்லை. ஆடும்போது ஒவ்வொருவனும் தான் ஜெயிப்பேன் என்றே நம்புகிறான். ‘தோற்றால் தருகிறேன்’ என்ற வாக்கை முழு மனதோடு தருவதில்லை. எனவே அந்தப் பணத்தை எடுப்பது களவின் சாயல் கொண்டது. ரவ் ஷேஷத் இதை ஏற்கவில்லை. அவர் பார்வையில் குற்றம் வேறு: அவன் உலக வாழ்வை நிலைநிறுத்தும் வேலை எதையும் செய்வதில்லை. அப்படியானால் வேறு தொழில் செய்து பிழைத்துக்கொண்டு எப்போதாவது ஆடுகிறவனுக்குத் தடை இல்லை என்றாகிறது. சனிக்கிழமை மட்டும் ஆடும் பள்ளி ஆசிரியரும் செவிலியரும் ரவ் ஷேஷத்திடம் தப்பிவிடுவார்கள். ராமி பர் ஹாமாவிடம் தப்புவது கடினம்.

ஆனால் அங்கும் ஒரு வாசல் திறந்தது. 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ரப்பேனு தாம், பந்தயப் பணம் முன்கூட்டியே ஆட்டப் பலகையின்மேல் வைக்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு என்று கருதினார். பணம் கையைவிட்டுப் போய்விட்டது. கொடுக்கும் எண்ணம் செயலில் தெரிந்துவிட்டது. கடன் சொல்லி ஆடினால்தான் பழைய சந்தேகம் அப்படியே நிற்கிறது. பிற்காலச் சட்டத் தொகுப்பு உரைகளிலும் கை மேல் காசு, கடன் என்ற இந்தப் பிரிவினை இடம்பிடித்தது.

இந்த வாதத்தை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தால் வில்லைக்கு இரண்டு பிறவி இருப்பது தெரியும். ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோரும் பணத்தைக் கொடுத்து, அது ஒரு டப்பாவில் கண்ணெதிரே இருந்தால், வில்லை ஒரு ரசீது. ‘இப்போது ஆடுவோம், கணக்கைக் கடைசியில் தீர்த்துக்கொள்வோம்’ என்றால் அதே வில்லை ஒரு வாக்குறுதி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கைபேசியில் பணம் அனுப்பும் காலத்தில் இரண்டாவது வழி மிக எளிதாகிவிட்டது. அது எளிது என்பதே அதன் ஆபத்து. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு, களைப்பிலும் ஆட்டச் சூட்டிலும், இன்னும் ஐம்பது எழுதிக்கொள் என்று சொல்கிற வாயில் முழு மனம் இருக்கிறதா என்று ராமி பர் ஹாமா கேட்டிருப்பார். அவர் கேட்பது நியாயம்.

ஆகவே தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது, அது பணத்தை நினைவூட்டுகிறதா மறைக்கிறதா என்பதைத்தான். கடைப் பெட்டிகளில் பெரும்பாலானவை இதில் தேறுவதில்லை. சிலவற்றில் எண்ணே இருக்காது, விளிம்பில் பகடைப் படம் மட்டும். வெள்ளை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்பதை ஆட்டத்துக்கு ஆட்டம் மனப்பாடம் செய்ய வேண்டும். தாமதமாக வந்து உட்காரும் புதியவர் பச்சையை ஒரு டாலர் என்று நினைத்து ஐந்து டாலரைத் தள்ளிவிடுவார். வேறு சிலவற்றில் 100, 500, 1000 என்று பெரிய எண்கள். கால் டாலர் ஆட்டத்தில் அவற்றை வைத்துக்கொண்டு, நூறு என்றால் ஒரு டாலர் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். வாய் ஐந்நூறு என்கிறது, நடுவில் போவது ஐந்து டாலர். எண்ணும் பணமும் ஒன்றையொன்று விட்டுப் பிரிகிற இடம் அதுதான்.

பீங்கான் வில்லையில் 25 சென்ட், 1 டாலர், 5 டாலர் என்று உள்ளதை உள்ளபடி அச்சிட்டுக்கொள்வது இதற்கு நேரான வழி. செலவு கொஞ்சம் கூடும். நண்பர்களோடு பல ஆண்டுகள் ஆட நினைப்பவருக்கு அது வீண் செலவல்ல.

எண்ணிக்கையிலும் அறம் இருக்கிறது. 25 சென்ட்டும் 50 சென்ட்டும் கட்டாயப் பந்தயமாக உள்ள ஆட்டத்தில் ஆளுக்கு ஐம்பது டாலர் என்று வைத்துக்கொள்வோம். கால் டாலர் வில்லை 12, ஒரு டாலர் 17, ஐந்து டாலர் 6. மொத்தம் 35 வில்லை, சரியாக ஐம்பது டாலர். எட்டுப் பேருக்கு 280. முந்நூறு வில்லைப் பெட்டியில் மீதி இருபது. அவை ஐந்து டாலர் வில்லைகளாக இருந்தால் நூறு டாலர். அதாவது அந்த இரவில் தோற்றவர்களில் இரண்டு பேர் ஒருமுறை மறுபடி வாங்கலாம். மூன்றாமவர் கேட்டால் பெட்டி காலி. அந்த வீட்டில் ஒரே இரவில் 500 டாலருக்கு மேல் புழங்க முடியாது. வீட்டுக்காரர் யாரையும் தடுத்துப் பேசி மனம் நோகச் செய்ய வேண்டியதில்லை. வாங்கும்போதே எடுத்த முடிவு அவருக்காகப் பேசுகிறது. ஐந்நூறு வில்லைப் பெட்டியும் அதனுள் ஆயிரம் என்று அச்சிட்ட கறுப்பு வில்லைகளும் இந்தக் காவலைக் கொடுப்பதில்லை. மகாபாரதத்தின் சபா பருவத்தில் தருமனின் பணயம் முத்திலும் பொன்னிலும் தொடங்கித் தம்பியரிடமும் திரௌபதியிடமும் போய் முடிந்தது. அங்கே வைத்து ஆட இனி எதுவும் இல்லை என்று சொல்ல ஒரு பெட்டி இல்லை.

வீட்டுக்காரர் இலாபம் பார்க்கிறாரா என்பது தனிக் கேள்வி. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் சூதுக்கென ஓர் அதிகாரியை நியமித்தது. ஆட்டம் ஒரே இடத்தில்தான் நடக்க வேண்டும், வேறிடத்தில் ஆடினால் 12 பணம் அபராதம். வென்றவரிடம் நூற்றுக்கு ஐந்து அரசுக்கு. பகடைக்கும் கருவிகளுக்கும் வாடகை வேறு. டெக்சாஸ் மாநிலத் தண்டனைச் சட்டம் இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது: தனி இடமாக இருந்து, ஆடுகிறவர்கள் வென்றதைத் தவிர வேறு எவருக்கும் ஆதாயம் இல்லாமல், எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு இருந்தால் அது குற்றமாகாது. வில்லைப் பெட்டிக்குச் செலவானதை மீட்க ஒவ்வொரு ஆட்டத்திலும் கால் டாலர் எடுக்கிற வீட்டுக்காரர் டெக்சாஸிலிருந்து கௌடில்யரின் அலுவலகத்துக்கு நடந்துவிடுகிறார். பெட்டிக்கான செலவு விருந்தோம்பலில் சேர வேண்டும்.

திருக்குறளின் சூது அதிகாரம் இந்தச் சமாதானங்கள் எதற்கும் எளிதில் இடம் தராது. வள்ளுவர் தோற்றவனுக்கு மட்டும் எச்சரிக்கை விடவில்லை. வென்றாலும் விரும்பாதே என்றுதான் தொடங்குகிறார். பௌத்தத்தின் சிகாலோவாத சூத்திரம் சூதின் ஆறு கேடுகளை அடுக்கும்போதும் முதலில் வருவது வென்றவன் பகையைச் சம்பாதிக்கிறான் என்பது. அதே பட்டியலில், சபையில் அவன் சொல் எடுபடாது என்பதும் உண்டு. மிஷ்னாவை அறியாத ஒரு மரபு அதே சாட்சிக் கூண்டுக்கு வந்துசேர்ந்திருப்பது சாதாரணமல்ல. இரண்டுமே பணத்தைவிட நம்பிக்கையைப் பற்றிக் கவலைப்பட்டன. வீட்டு ஆட்டத்தில் கெட்டுப்போகக்கூடியதும் அதுதான். முப்பது டாலர் போனால் அடுத்த மாதம் வந்துவிடும். தரவேண்டிய முப்பது டாலரைத் தராமல் இழுத்தடிக்கும் நண்பன் முன்போல வீட்டுக்கு வருவதில்லை.

அப்படியானால் பணமே இல்லாமல் ஆடலாமே? இதற்குப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் எழுதியது நெஞ்சில் தைக்கும். 1654-இல் இன்னொரு கணித அறிஞரான ஃபெர்மாவோடு கடிதப் போக்குவரத்து நடத்தி, பாதியில் நின்ற ஆட்டத்தின் பணயத்தை எப்படிப் பிரிப்பது என்று கணக்குப் போட்டவர் அவர். வைத்த பணம் ஆட்டக்காரருடையது அல்ல, அதற்குப் பதிலாகத் தற்செயல் தரக்கூடியதன்மேல் ஓர் உரிமையைப் பெற்றிருக்கிறார் என்று நிறுவியவரும் அவரே. ராமி பர் ஹாமாவுக்கு இதைவிட நல்ல மறுமொழி கிடையாது. அதே பாஸ்கல் பின்னாளில் மனிதனின் பொழுதுபோக்கைப் பற்றி எழுதும்போது சொன்னார்: தினமும் காலையில் அவன் ஜெயிக்கக்கூடிய தொகையைக் கையில் கொடுத்து ஆடாதே என்றால் துன்பப்படுவான், பணமின்றி ஆடச் சொன்னால் சலித்துப்போவான்.

இஸ்லாம் இந்தச் சலிப்பை ஒரு காரணமாக ஏற்பதில்லை. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் சூதை மதுவோடு சேர்த்து விலக்கி, அது மனிதரிடையே பகையை விதைக்கிறது, இறைநினைவையும் தொழுகையையும் தடுக்கிறது என்று காரணம் சொல்கிறது. தொகை சிறியதானால் பாதகமில்லை என்ற விதிவிலக்கு அங்கே இல்லை. கால் டாலரும் அதே கணக்கில்தான். பணம் வைத்து ஆடமாட்டேன் என்று சொல்லும் நண்பர் ஒருவர் மேசைக்கு வந்தால், அவரை ஓரமாக உட்காரவைத்து மற்றவர்கள் ஆடுவது விருந்தோம்பல் ஆகாது. அன்றைக்குப் பணம் போடும் டப்பாவைத் திறக்காமலே விடலாம். அதே 35 வில்லைகளை ஒவ்வொருவருக்கும் கொடுத்து, தீர்ந்தால் மறுபடி இல்லை, கடைசிவரை இருப்பவர் வென்றார் என்று ஆடலாம். அப்படி ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒன்பது மணிக்கே வெளியேறிவிடக் கூடாதே என்ற கவலை ஐந்து டாலரைக் காப்பாற்றும் கவலைக்குச் சற்றும் குறைந்ததல்ல. பாஸ்கல் கேட்ட பணயம் அங்கேயும் இருக்கிறது. வைக்கப்படுவது மேசையில் ஓர் இடம். எழுந்து போகிறவர் எதையும் கொடுத்துவிட்டுப் போவதில்லை.